ஆறு அங்குலம்

ஃபோர்ட் மெக்மர்ரியில் ஜனவரி.
கிரில்லுக்கு வெளியே நாக்காய்த் தொங்கும் ஹீட்டர் வயரோடு
கார்லண்ட் ஹைன்ஸின் பிக்கப்
என் யார்டுக்குள் நுழைந்தபோது
முதலில் ஜன்னல் அதிர்ந்தது.
வண்டி பிறகுதான் வந்தது.

நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு.
கதவைத் திறந்து கைகொடுத்து ஏற்றினான்,
பல்லக்கில் ஏற்றுவதுபோல.
"சொல்லு மரிவிக், எவ்வளவு தேறும்?"

மடியில் ஓர் உறை. உறை நிறைய பில்கள்.
ஆறு அங்குலம் உயர்த்தியதற்கு நான்காயிரத்து இருநூறு.
சேற்றை மிதித்துத் தள்ளும் டயர்கள், ஐந்தாயிரத்துச் சொச்சம்.
கூரைமேல் விளக்குப் பட்டை.
பனிக்கரடி செருமுவதுபோல் ஒரு சைலன்சர்.
தேன் நிறத் தோலில் சீட்டு.
பின்கதவில் ஒரு கலங்கரை விளக்கம்,
நியூஃபவுண்ட்லாந்தில் அவன் ஊர்க்கரையில் நிற்பது,
அவனே வரைந்தது.
அதற்கு மட்டும் பில் இல்லை.

"கூட்டினால் இருபத்தோராயிரம்" என்றான்.

என் படிவத்தில் கூட்டுவதற்குக் கட்டம் கிடையாது.

உயர்த்தியதால் வாரன்டி போயிற்று: கழி.
டயர் உரசி மட்கார்டு தேய்ந்தது: கழி.
கூரையில் நான்கு துளை, உள்ளே ஈரக்கறை: கழி.
சைலன்சருக்கு அண்டை வீட்டார் சாபம்,
அதற்கும் ஏதோ கழித்தேன்.

நான் பிறந்த இலோயிலோவில்
ஜீப்னிக்குக் குதிரையும் மேரி மாதாவும் ஜிகினாவும் இல்லையென்றால்
பயணி ஏறமாட்டான்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
தொகையை எழுதித் தாளைத் திருப்பிக் காட்டினேன்.

"அடிமாட்டு விலை."

"பழைய ஸ்பிரிங், பழைய சக்கரம் இருக்கிறதா?"

மச்சான் வீட்டு ஷெட்டில் இருந்தனவாம்.

"திருப்பி மாட்டிக்கொண்டு வா. ஆறாயிரம் ஏறும்."

டிசம்பரில் அவன் ஷிஃப்ட் மொத்தத்தையும் நிறுத்தியிருந்தார்கள்.
வங்கிக்கடன் மட்டும் ஷிஃப்ட் பார்க்காமல் வேலை செய்தது.
மூன்று இரவு, வாடகைக் கொட்டகை, ஒற்றை ஹீட்டர்.
உயர்த்தியபோது நண்பர்கள் நாலு பேர், பீர், பாட்டு.
இறக்கும்போது ஜாக்கி மட்டும்.

வியாழக்கிழமை வந்தான்.
ஜன்னல் அதிரவில்லை.

வெள்ளை பிக்கப்.
யார்டில் ஏற்கெனவே பதினொன்று இருந்தன.
காபி குடித்துவிட்டு வெளியே போனோம்,
இருவருமே வேறொரு வண்டிமுன் போய் நின்றோம்.

கூரைத் துளைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தான்,
அம்மைத் தழும்புபோல் நான்கு.
கலங்கரை விளக்கத்தைத் தின்னர் ஊற்றித் துடைத்திருந்தான்.
வெயில் சாய்ந்து பட்டபோது
உறைபனிக்கு அடியில் அது லேசாக நின்றது.

*பின்கதவு, பெயின்ட் மங்கல்: இருநூறு.*
எழுதினேன். என் வேலை அது.

உயர்த்தும் செட்டை அங்கேயே
சாரம் கட்டும் பையன் ஒருவன் வாங்கிக்கொண்டான்,
கால் விலை, ரொக்கம்.
டோப்பி என்று பெயர்.
குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிப் போனான்.

பஸ் நிலையத்துக்கு என் சிறிய காரில் கொண்டுவிட்டேன்.
முழங்கால் முகவாயில் இடிக்க
மடங்கி உட்கார்ந்தவன்
பாலம் தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு சொன்னான்,
"ரோடு இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது?"

மூன்று வாரம் கழித்து
வாங்கியவளிடமிருந்து போன்.
சுரங்கத்தில் ராட்சச டம்பர் ஓட்டுபவள், டானிகா.
வண்டி தங்கம் என்றாள். குறையே இல்லை என்றாள்.
"கொஞ்சம் தாழ்வாக இருக்கிறது, அவ்வளவுதான்.
உயர்த்திக் கொடுக்க யாரையாவது தெரியுமா?
மேலே ஒரு விளக்கும் போடலாமென்று..."

டோப்பியின் எண்ணைக் கொடுத்தேன்.
அவன் இன்னும் மாட்டியிருக்கமாட்டான், வண்டியே வாங்கவில்லை.

கூரையில் நான்கு துளை இருக்கும்,
சிலிக்கானை நகத்தால் சுரண்டினால் போதும் என்றேன்.
அளவு சரியாக இருக்கும்.